பஸ்ஸில சீட் கேக்கலாமா? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன மாசம் ஒரு வாசகி, "பஸ்ஸில கர்ப்பிணிக்கு ஆரும் எழும்பிறேல்ல, என்ன செய்யிறது" எண்டு கேட்டிருந்தா. இடமில்லாததால நான் ரெண்டு வரியில "வாயத் திறந்து கேளுங்க" எண்டு போட்டுட்டு விட்டன். அதுக்குப் பிறகு வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் முக்கால்வாசி இதப் பத்தித்தான். கேக்கிறது அவ்வளவு லேசா எண்டு சில பேர் கோபிச்சிருக்கினம். சரி, இந்தமுறை மாமியார் சண்டை, வீட்டுத் தோட்டம், முடி கொட்டுறது எல்லாத்தையும் தள்ளிவச்சிட்டு இதையே கதைப்பம்.

கேள்வி: அக்கா, எனக்கு இப்ப மூண்டாம் மாசம். வெள்ளவத்தையில ஏறி கோட்டைக்கு வேலைக்குப் போறன், 100 இல்லாட்டி 101. வயிறு ஒண்டும் வெளிய தெரியாது, ஆனா நிண்டுகொண்டு போனா கொள்ளுப்பிட்டி வரேக்க கண் இருட்டிக்கொண்டு வருது. மூண்டு மாசம் முடியும்வரை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு மாமி சொல்லிப்போட்டா. பஸ்ஸில சீட் கேட்டா ஊருக்கே சொன்ன மாதிரித்தானே? வயிறே தெரியாம எந்த முகத்தோட கேக்கிறது? – வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, முதல்ல வாழ்த்துக்கள். மாமி சொன்னது சொந்தக்காரருக்கு, மொறட்டுவையில ஏறி வாற முன்பின் தெரியாத சனத்துக்கில்ல.

நீங்க சொல்லுற கண் இருட்டு சும்மா பயமில்ல, உடம்பில காரணம் இருக்கு. பிள்ளை தங்கின முதல் கிழமைகளிலயே ஹோர்மோன் மாற்றத்தால ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரியும், அதால பிரஷர் வழமையவிடக் கொஞ்சம் இறங்கும். பிறகு மெல்ல மெல்ல உடம்பில ரத்தத்தின்ட அளவும் கூடத் தொடங்கும், கடைசி மாசங்களில வழமையவிட 40 – 50 வீதம் கூட. இப்பிடி இருக்கேக்க ஒரே இடத்தில அசையாம நிண்டா ரத்தம் காலில போய்த் தேங்கும், மூளைக்குப் போறது குறையும், கண் இருட்டும். இதுக்கு மேல சத்தி, டீசல் மணம், முன்னுக்கு சாமிப் படத்துக்கு ட்ரைவர் கொளுத்தி வச்ச ஊதுபத்தி, பக்கத்தில நிக்கிற அண்ணையின்ட வியர்வை. ஆறாம் மாசத்தில சுகமா நிண்டு போனன், ரெண்டாம் மாசத்திலதான் செத்துப் பிழைச்சன் எண்டு சொல்லுற பொம்பிளைகள் எத்தினையோ பேர் இருக்கினம். எங்கட சனம் வயிறு தெரிஞ்சாத்தான் எழும்பும். தேவை கூடின நேரத்தில வயிறு தெரியாது. அதால உங்களுக்கு சீட் கேக்க உரிமை இல்லை எண்டு நீங்களே தீர்ப்பு எழுதாதீங்க.

எப்பிடிக் கேக்கிறது எண்டா, முழு பஸ்ஸையும் பாத்துக் கேக்காதீங்க, அப்பிடிக் கேட்டா முழு பஸ்ஸும் ஜன்னலுக்கு வெளியதான் பாக்கும். ஒரு ஆளத் தெரிவு செய்து அவரிட்ட மட்டும் கேளுங்க. நாங்க வெக்கத்தில எப்பவும் பொம்பிளைகளாப் பாத்துத்தான் கேப்பம், அவவுக்கு என்ன வருத்தமோ ஆருக்குத் தெரியும். ஆம்பிளப் பிள்ளைகளிட்டயும் கேளுங்க, ஸ்கூல் பொடியள் எண்டா கேட்ட உடன எழும்புவாங்க. காரணம் சொல்லவேணும் எண்டும் இல்ல. "தம்பி, எனக்குத் தலை சுத்துது, கொஞ்சம் இருக்கவா" – முடிஞ்சுது, மாமியின்ட ரகசியமும் பத்திரம். சிங்களத்தில எண்டா "மல்லி, மட்ட ஒளுவ கெரகெனவா, பொட்டக் வாடிவென்ன தெனவத?" உச்சரிப்பு பிழைச்சாலும் பரவாயில்ல, தலையில கைய வச்சுக்கொண்டு சொன்னா எல்லாருக்கும் விளங்கும்.

மற்றது கண்டக்டர். சல்லி குடுக்கிற நேரம் மெதுவா அவரிட்ட சொல்லுங்க. பின்னுக்குப் போங்க பின்னுக்குப் போங்க எண்டு நாள் முழுக்கக் கத்துற அந்தத் தொண்டைய இப்பிடி ஒரு நல்ல காரியத்துக்கும் பாவிக்கட்டும். உண்மையச் சொல்லப்போனா, கொழும்பு பஸ்ஸில கர்ப்பிணிக்கு சீட் கிடைச்ச கதைகளில பாதி ஒரு நல்ல கண்டக்டரின்ட கதைதான்.

ஆரும் தரேல்லயெண்டா வீரம் காட்டி நிக்கவேணாம். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு, குதிக்காலத் தூக்கித் தூக்கி இறக்குங்க, காலில தேங்கின ரத்தம் மேல ஏறும். கண் இருட்டத் தொடங்கினா அந்த இடத்திலயே தரையில இருந்திடுங்க. உடுப்பு ஊத்தையாகும்தான், ஆனா மயங்கி விழுந்து கம்பியில அடிபடுறதவிட ஊத்தை பரவாயில்ல. நீங்க தரையில இருந்தா நாலு பேர் தன்னால எழும்புவினம், அதையும் பாருங்க. காலமை வெறும் வயித்தோட ஏறாதீங்க, ரெண்டு கிரீம் கிராக்கராவது சாப்பிட்டுட்டு வெளிக்கிடுங்க. இந்த இருட்டு அடிக்கடி வருது எண்டா கிளினிக்கில மிட்வைஃபிட்ட கட்டாயம் சொல்லுங்க, ரத்தம் குறைவா எண்டு பாக்கவேணும். ஆபிசில ஒருத்தருக்காவது விசயத்தச் சொல்லி ஒரு மணித்தியாலம் பிந்திப் போக ஏலுமா எண்டும் கேளுங்க. பாணந்துறையிலயும் மொறட்டுவையிலயும் இருந்து நிரம்பி வாற பஸ்ஸில ஆபிஸ் நேரம் வெள்ளவத்தையில ஏறி சீட் எதிர்பாக்கிறது கஷ்டம்தான்.

கேள்வி: அக்கா, நான் கொட்டாஞ்சேனை, வயசு 23. ஒருநாள் பஸ்ல ஒரு அக்காவப் பார்த்து "நீங்க ப்ரெக்னன்ட் தானே, உக்காருங்க"ன்னு எழும்பினேன். அவங்க ப்ரெக்னன்ட் இல்லையாம். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், பஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கு இருந்து நான் ஹெட்செட்டப் போட்டுட்டு தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிறேன். நான் செய்றது பிழையா?

பதில்: எழும்பினது சரி தம்பி, வாயத் திறந்ததுதான் பிழை. கண்ண மூடுறது அதவிடப் பிழை.

சீட் குடுக்க காரணம் சொல்லவேணாம். எழும்பினா எழும்பினதுதான், "அக்கா இருங்க" எண்டு ஒரு சொல்லு போதும். அதுக்கும் பயமெண்டா ஒண்டும் சொல்லாம எழும்பி, அடுத்த ஹோல்ட்டில இறங்கிறவர் மாதிரி கொஞ்சம் முன்னுக்குப் போய் நில்லுங்க. அவ இருந்தா இருக்கட்டும், இல்லாட்டி பக்கத்தில நிக்கிற ஆரும் இருக்கட்டும், உங்கட சீட்டு வீணாப் போகாது. அவ கர்ப்பிணியா, வயிறு பெரிசா, சோறு கூடச் சாப்பிட்டவவா எண்ட ஆராய்ச்சி உங்கட வேலை இல்ல. களைச்சுப்போய் நிக்கிற ஒரு மனிசி, அவ்வளவுதான். பிள்ளைத்தாச்சியா இல்லாட்டியும் இருந்தா என்ன குறைஞ்சு போகுது?

இன்னொண்டு, இது உங்களுக்கு மட்டுமில்ல, எல்லா ஆம்பிளைகளுக்கும். சீட் குடுத்துட்டு அவவின்ட தோளுக்கு மேல சாய்ஞ்சுகொண்டு நிக்காதீங்க. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017இல வெளியிட்ட ஆய்வில, பஸ்ஸிலயும் ட்ரெயினிலயும் வாழ்க்கையில ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவு அனுபவிச்ச எங்கட நாட்டுப் பொம்பிளைகள் 90 வீதம் எண்டு இருக்கு. அதால ஒரு பொடியன் எழும்பி இடம் தந்தா, நன்றி சொல்லவேண்டிய வாய் கொஞ்சம் சந்தேகத்தோட மூடிக்கொண்டிருக்கும், அத மனசில வைக்காதீங்க. எழும்பினா ரெண்டு அடி தள்ளி நில்லுங்க, அவவுக்கு மூச்சு வரும்.

கேள்வி: நான் மூண்டு பிள்ளை பெத்தவள். வயித்தில பிள்ளையோட டபள் டெக்கர் பஸ்ஸில தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனனான். இப்பத்தைய பிள்ளையளுக்கு எல்லாம் நோகுது. எனக்கு இப்ப 64 வயசு, ரெண்டு முழங்காலும் தேய்ஞ்சு போச்சு. நான் இருக்கேக்க ஒரு வயித்துப்பிள்ளைக்காரி வந்து பக்கத்தில நிண்டா நான் எழும்பவேணுமோ? – பம்பலப்பிட்டி ஃப்ளாட்ஸில இருந்து ஒரு அம்மா

பதில்: அம்மா, நீங்க எழும்பவேணாம். முழங்கால் தேய்ஞ்சவ எழும்பி, வயித்தில பிள்ளையோட நிக்கிறவவ இருத்தினா, அந்த பஸ்ஸில இருக்கிற மிச்ச சனம் என்னத்துக்கு இருக்கு? எங்கட பஸ்களில நடக்கிற அநியாயம் இதுதான், முன்சீட்டில கர்ப்பிணிக்கும் வயசானவைக்கும் எண்டு ஸ்டிக்கர் ஒட்டின உடன மற்ற சீட்டில இருக்கிற எல்லாரும் தங்களுக்கு விடுதலை கிடைச்ச மாதிரி நினைச்சிடினம். ஸ்டிக்கர் ஒட்டின சீட்டில ஒரு வயசான அம்மா, அவவுக்குப் பக்கத்தில ஒரு கர்ப்பிணி, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக் கூசிக்கொண்டிருக்க, நாலாவது சீட்டில இருக்கிற பொடியன் டிக்டாக் பாத்துச் சிரிச்சுக்கொண்டிருப்பான். நீங்க எழும்பாதீங்க, ஆனா உங்களுக்கு வயசின்ட அதிகாரம் இருக்கு, குரலும் இருக்கு. "தம்பி, இந்தப் பிள்ளைக்கு எழும்பிக் குடுங்க" எண்டு நீங்க சொன்னா எந்தப் பொடியனும் மறுக்கமாட்டான். அந்தப் பிள்ளை தன்ட வாயால கேக்கிறதவிட நீங்க கேக்கிறது எவ்வளவோ லேசு.

அந்தக் காலத்தில தொங்கிக்கொண்டு போனனாங்கள் எண்டுறது உண்மைதான், ஆனா நல்லது எண்டு ஆரும் சொல்லேல்லயே. வயிறு முன்னுக்கு வர வர உடம்பின்ட பாரம் இடம் மாறும், மூட்டுகளப் பிடிச்சிருக்கிற தசைநார்களும் தளரும், அதால சடார் எண்டு பிரேக் அடிச்சா மற்றவையவிட கெதியா விழுவினம். முந்தின பஸ்ஸப் பிடிக்க ரேஸ் ஓடுற பஸ்ஸில சடார் பிரேக்குக்குக் குறைச்சலே இல்ல. வயிறு போய் அடிபட்டா நச்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரில இருந்து விலகுற ஆபத்து இருக்கு, அது வெளியால உடன தெரியாமலும் இருக்கலாம். அதால வாசிக்கிற எல்லாருக்கும் சொல்லுறன், பஸ்ஸில விழுந்தோ கம்பியில இடிபட்டோ வயித்தில அடிபட்டா, ரத்தம் போகேல்ல, நோகேல்ல எண்டு வீட்ட போய்ப் படுக்காதீங்க, நேர ஆஸ்பத்திரி. கொழும்பில எண்டா டி சொய்சா இருக்கு, காசல் வீதி இருக்கு. டி சொய்சா 1879இல திறந்த மகப்பேற்று ஆஸ்பத்திரி, அம்மா, உங்கட மூண்டும் அங்கதான் பிறந்ததோ தெரியேல்ல.

கேள்வி: தாத்தா, நான் தெமட்டகொட. அபாயா போடுறதால ஏழு மாசமாகியும் ஒருத்தருக்கும் விளங்குறல்ல. வெளிநாட்டுல இதுக்கு பேட்ஜ் ஒன்று இருக்கென்று என்ட நானா சொன்னார். மெய்யா? இங்கயும் அப்பிடி ஒன்று இருந்தா நல்லமே.

பதில்: மெய்தான் தங்கச்சி. லண்டனில 2005இல இருந்து "பேபி ஒன் போர்ட்" எண்டு ஒரு பேட்ஜ் குடுக்கினம், கர்ப்பிணிகள் சட்டையில குத்திக்கொண்டு ட்ரெயினில ஏறுவினம். ஜப்பானில 2006இல சுகாதார அமைச்சே ஒரு சின்னம் கொண்டு வந்தது, தாயும் பிள்ளையும் இருக்கிற ஒரு படம், ஹேண்ட்பேக்கில தொங்கவிட்டுக்கொண்டு போவினம். தென்கொரியாவில சோல் நகர மெட்ரோவில 2013இல இருந்து கர்ப்பிணிகளுக்கெண்டே பிங்க் கலர் சீட். அங்க பூசான் நகரத்தில இன்னும் ஒரு படி மேல, கர்ப்பிணியின்ட கையில ஒரு சின்னக் கருவி, அவ ட்ரெயினில ஏறினா சீட்டுக்குப் பக்கத்தில ஒரு பிங்க் லைட் பத்தும்.

இதெல்லாம் வந்தும் அங்கயும் கதை முழுசா மாறேல்ல. பிங்க் சீட்டில ஆம்பிளைகள் இருக்கினம் எண்டு சண்டை, அந்த சீட்ட வெறுமையா விடவேணுமா கர்ப்பிணி வந்த பிறகு எழும்பினாப் போதுமா எண்டு இன்னொரு சண்டை. எண்டாலும் பேட்ஜில ஒரு நன்மை இருக்கு, கேக்கிறவவும் வாய் திறக்கத் தேவையில்ல, குடுக்கிறவரும் வயித்த உத்துப் பாக்கத் தேவையில்ல. மேல எழுதின கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு அப்பிடி ஒண்டு இருந்திருந்தா அடி விழுந்திருக்காது. ஏற்கனவே ஒவ்வொரு கர்ப்பிணியும் மிட்வைஃபிட்ட பதிஞ்சு கிளினிக் கார்ட் எடுக்கிற நாடு இது, அந்தக் கார்டோட சேத்து ஒரு பேட்ஜையும் குடுக்கிறது பெரிய செலவில்ல எண்டுதான் எனக்குப் படுது.

அதுவரைக்கும் நீங்க வாயாலதான் கேக்கவேணும். சில பேர் அந்தக் கிளினிக் கார்டக் கையில தெரியிற மாதிரிப் பிடிச்சுக்கொண்டு ஏறுவினமாம், செய்யலாம், நல்ல யோசனைதான். ஆனா ஆரும் "எங்க காட்டுங்க" எண்டு கேட்டா காட்டவேணாம். பஸ் சீட்டுக்கு சாட்சிப் பத்திரம் கேக்கிற நிலைமைக்கு நாங்க இன்னும் வரேல்ல.

கேள்வி: முன்னுக்கு மதகுருமார் எண்டு போட்ட சீட் வெறுமையா இருந்தா கர்ப்பிணி இருக்கலாமா? – கிருலப்பனை

பதில்: இருக்கலாம், ஆரும் வரும்வரைக்கும் எல்லாரும் இருக்கிறதுதானே. ஆனா நடைமுறையையும் யோசியுங்க. ஒரு ஹாமுதுரு ஏறினா அவர் பொம்பிளைக்குப் பக்கத்தில இருக்கமாட்டார், நீங்கதான் எழும்பவேண்டி வரும், பஸ் ஓடிக்கொண்டிருக்க, நிரம்பின பஸ்ஸில, வயித்தோட. கண்டக்டர் சமயோசிதமான ஆளெண்டா பின்னுக்கு ஒருத்தர எழுப்பி உங்கள இருத்துவார், இல்லாட்டி நீங்க அந்தரிச்சுக்கொண்டு நிக்கவேணும். அதால ரெண்டாவது மூண்டாவது வரிசையில ஒண்டு கிடைச்சா அதுதான் நல்லம். கடைசி சீட்டு கிடைச்சாலும் வேணாம், அங்க தூக்கிப் போடுற போடுக்கு நிக்கிறதே மேல்.

கேள்வி: வைஃபுக்காக நான் சீட் கேட்டா அவவுக்குக் கோபம் வருது, "என்னை நோயாளி ஆக்காதீங்க" எண்டுறா. கேக்கவா விடவா?

பதில்: ஏற முதல் ஹோல்ட்டில நிண்டு அவவிட்ட கேளுங்க, அவ சொல்லுறபடி செய்யுங்க. பஸ்ஸுக்குள்ள வச்சு விவாதம் வேணாம்.

கேள்வி: அக்கா, ஒரு ஐயா எழும்பி சீட் தந்தார், புண்ணியவான். ஆனா அதுக்குப் பிறகு எத்தினை மாசம், முதல் பிள்ளையா, வயிறு கூரா இருக்கு ஆம்பிளப் பிள்ளைதான், புருஷன் என்ன வேலை, ஏன் வேலைக்கு அனுப்பினவர்... இரத்மலானை வரும்வரைக்கும் விசாரணை. சீட் தந்த ஆளிட்ட எப்பிடி வாய மூடச் சொல்லுறது?

பதில்: சொல்ல ஏலாது, ஆனா பதில் சொல்லவும் தேவையில்ல. சீட்டுக்கு ஒரு தேங்க்ஸ், அதோட கணக்கு முடிஞ்சுது. தாய்க்கு ஃபோன் எடுங்க, ஆரும் எடுக்காட்டியும் காதில வச்சிருங்க, இல்லாட்டி கண்ண மூடிச் சாயுங்க. கொட்டாஞ்சேனைத் தம்பிக்குத்தான் கண்ண மூடத் தடை, உங்களுக்கு இல்ல. அந்த ஐயாவுக்கும் ஒரு சொல்லு: கூர் வயிறு ஆம்பிளை, பரந்த வயிறு பொம்பிளை எண்டு ஒண்டும் இல்ல, வயித்தின்ட வடிவம் தாயின்ட தசையிலயும் பிள்ளை கிடக்கிற விதத்திலயும்தான் இருக்கு.

கேள்வி: பஸ்ஸ விட்டுட்டு ட்ரெயினில போனா நல்லமா? வீடு மொறட்டுவை, வேலை கோட்டை, அஞ்சாம் மாசம்.

பதில்: குலுக்கல் குறைவு, ட்ராஃபிக் இல்ல, கடல் காத்து வேற, அதுக்காகப் போகலாம். ஆனா ஆபிஸ் ட்ரெயின் நெரிசலில ஏறி இறங்கிறதுதான் ஆபத்து. பெட்டிக்கும் ப்ளாட்ஃபோர்முக்கும் இடையில கால் வைக்கேக்க பின்னுக்கு இருந்து தள்ளுவாங்க, அதால முதல் அலையோட ஏறாதீங்க, ஃபுட்போர்டில நிக்கவே வேணாம். ட்ரெயினில கண்டக்டர் இல்ல, உங்களுக்காகக் குரல் குடுக்க ஆளில்ல, நீங்களே கேக்கவேணும். பின்னேரம் திரும்பி வரேக்க ஒரு வழி இருக்கு, கரையோரப் பாதை ட்ரெயின் நிறைய மருதானையில இருந்துதான் வெளிக்கிடுது. கோட்டையில இடிபட்டு ஏறாம, ஒரு ஸ்டேஷன் பின்னுக்குப் போய் மருதானையில வெறும் பெட்டியில ஏறி இருந்துகொண்டு வாற ஆக்கள் இருக்கினம். அப்பிடி வாறதெண்டா மருதானைக்கும் சேத்து டிக்கட் எடுங்க. சீசன் எண்டா அத மருதானை வரைக்கும் எடுத்திடுங்க, செக்கர் பிடிச்சா கர்ப்பிணி எண்டு விடமாட்டார்.

கேள்வி: கண்டக்டரிட்ட சீட் எடுத்துத் தரச் சொன்னன், "கஷ்டம் எண்டா த்ரீவீலில போங்க" எண்டு சிரிச்சார். இதுக்கு எங்க முறையிடுறது?

பதில்: த்ரீவீலுக்கு அவர் காசு தந்தா போகலாம்தான். முதல்ல, அந்த இடத்தில சண்டை பிடிக்காதீங்க, உங்கட பிரஷர்தான் ஏறும். டிக்கட் தந்திருந்தா எறியாம வச்சிருங்க, தராட்டி பஸ்ஸின்ட நம்பர் ப்ளேட், ரூட் நம்பர், ஏறின இடம், நேரம், இதுகள ஃபோனில குறிச்சுக்கொள்ளுங்க. மாகாணம் விட்டு மாகாணம் ஓடுற பஸ் எண்டா தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின்ட 1955க்கு அடிக்கலாம். கொழும்புக்குள்ள ஓடுற தனியார் பஸ் எண்டா மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை, சிவப்பு பஸ் எண்டா இ.போ.ச. டிப்போ. நம்பர் ப்ளேட் இல்லாம "வெள்ளை பஸ், கண்டக்டர் கறுப்பு தொப்பி" எண்டு சொன்னா அவங்களுக்கும் ஒண்டும் செய்ய ஏலாது.